பரண்ல கெடந்த கிரிக்கெட் கார்டுல இருந்து பாப்பாவுக்கு ஒரு சீட்டுக்கட்டு

கார்டு கட்டு ஒருவழியா சரியா வந்துடுச்சு. 36 கார்டு, ஒவ்வொண்ணும் 63 க்கு 88 மில்லிமீட்டர், ரெண்டு பக்கமும் மேட் லேமினேஷன், மூலையெல்லாம் வளைச்சு வெட்டுனது, வெக்கறதுக்கு மாம்பழப் பெட்டிப் பலகைல ஒரு டப்பா. பொங்கல் லீவு பூரா ஒண்ணாவது படிக்கற பாப்பா கையில கெடந்து ஒரு கார்டு கூட பிரியல, அதனால இப்ப எழுதறேன். வீட்ல பழைய கார்டு சேத்து வெச்சிருக்கறவங்க அத சின்னப் புள்ளைங்ககிட்ட குடுக்கலாமா வேணாமான்னு யோசிச்சுட்டே இருப்பாங்க, அவங்களுக்கு இது உபயோகமா இருக்கும்.

ஆரம்பிச்சது 2025 நவம்பர்ல. நவம்பர் 2 ராத்திரி நவி மும்பைல நம்ம பொண்ணுங்க தென்னாப்பிரிக்காவ 52 ரன்ல ஜெயிச்சு வேர்ல்டு கப் வாங்குனாங்க இல்லையா, பாப்பா பாதியிலயே தூங்கிட்டா, ஆனா மறுநாள் காலைல ஹைலைட்ஸ் போட்டுக் காட்டுனதுல இருந்து வீட்ல ஷஃபாலி, தீப்தி பேச்சுதான். ஷஃபாலி 87 அடிச்சதும், தீப்தி 58 ரன்னும் அடிச்சு அஞ்சு விக்கெட்டும் எடுத்ததும் அவளுக்கு மனப்பாடம். அந்த சூட்டோட சூடா, தர்மபுரில எங்கம்மா வீட்டுப் பரண்ல எங்க அண்ணனும் நானும் சேத்து வெச்ச தகர டப்பா இருக்கே, அத எறக்கலாம்னு தோணுச்சு. நாங்க இருக்கறது கிருஷ்ணகிரி, அம்மா வீடு ஒரு மணி நேரத் தூரந்தான். அண்ணனுக்கு போன் போட்டுக் கேட்டேன், "எடுத்துக்கோம்மா, பாப்பாவுக்கு இல்லாததா, சச்சின் கார்ட மட்டும் பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டான்.

டப்பாக்குள்ள மூணு வகை சரக்கு. ஒண்ணு ட்ரம்ப் கார்டு, கார்டுல இருக்கற எண்ண ஒப்பிட்டு பெரிய எண்ணு வெச்சிருக்கறவங்க எதிராளி கார்ட எடுத்துக்கற விளையாட்டு, ஸ்கூல் வாசல் பொட்டிக்கடைல வாங்குனது. ரெண்டாவது பிக் ஃபன் பபுள் கம்முல வர்ற கார்டு, இத்தன ரன் இத்தன விக்கெட்னு போட்டிருக்கும், 90கள்ல படிச்சவங்களுக்கு சொல்லவே வேணாம், அதுக்காகவே கம் மென்னு வாய் வலிச்ச கூட்டம் நம்ம. மூணாவது ஸ்போர்ட்ஸ்டார் பத்திரிகையோட நடுப்பக்க போஸ்டர், மடிச்சு மடிச்சு வெச்சது. கார்டுல பாதிக்கு மேல அண்ணன் ஒரு லாங் சைஸ் நோட்டுல மைதாப் பசை போட்டு ஒட்டி வெச்சிருந்தான். நோட்டு ஓரத்தையெல்லாம் ராமபாணப் பூச்சி தின்னுருக்கு, பசை இருக்கற எடமாப் பாத்துத் தின்னுருக்கு, டப்பா மூடில துரு.

அந்த சச்சின் கார்டப் பத்தி சொல்லியாகணும். ட்ரம்ப் கார்டு, படத்துல முடி சுருட்டையா சின்னப் பையனா நிக்கறாரு, கீழ ஒருநாள் சதம்னு இருக்கற எடத்துல 0. அச்சுப் பிழை இல்ல. சச்சின் ஒருநாள் போட்டில மொத சதம் அடிச்சதே 1994 செப்டம்பர் 9, கொழும்புல ஆஸ்திரேலியா கூட 110, அது அவருக்கு 79ஆவது ஆட்டம். அப்ப இந்தக் கார்டு அதுக்கு முன்னாடி கணக்க வெச்சு அடிச்சது. பழைய ட்ரம்ப் கார்டுல வருஷம் போட்டிருக்காது, ஆனா எண்ண வெச்சு இப்படித் தேதி கண்டுபிடிச்சுரலாம், எனக்கு இந்த வேலைல ரொம்பப் பிடிச்ச பகுதியே இதான். பாப்பா அந்த 0 மேல வெரல வெச்சு, "அப்போ இவருக்கு அதுவரைக்கும் விளையாடவே தெரியாதாம்மா?"ன்னா. தெரியும், நூறு மட்டும் வரலைன்னேன். "எத்தன தடவ வரல?" 78 தடவன்னதும் அவ கணக்கு நோட்டுல 78னு எழுதிக்கிட்டா. ஏன்னு கேக்கல நான்.

மொத வேலை பூச்சி. நோட்டயும் உதிரிக் கார்டயும் மொட்டமாடில வெயில்ல காயப் போடலாம்னு எங்கம்மா சொன்னாங்க, வெயில்ல போட்டா கலர் வெளுத்துரும், கார்டு வளைஞ்சும் போகும். அதுக்குப் பதிலா எல்லாத்தையும் நல்லாக் காஞ்ச ஜிப்லாக் கவர்ல போட்டு, காத்த அமுக்கி எடுத்துட்டு, ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் விட்டேன். முக்கியமானது என்னன்னா வெளிய எடுத்த ஒடனே கவரத் தொறக்கக் கூடாது, ஒரு பொழுது பூரா அப்படியே விட்டு ரூம் சூட்டுக்கு வந்த பிறகுதான் தொறக்கணும், இல்லன்னா குளுருக்கு கார்டு மேல தண்ணி கோத்துக்கும். அப்பறம் பெயிண்ட் அடிக்கற சாஃப்ட் பிரஷ், 1 இஞ்ச் அகலம், கடைல 40 ரூவா, அத வெச்சு நடுவுல இருந்து ஓரத்துக்குத் தூசி தட்டுனது. இந்த வேலைய பாப்பாகிட்டயே குடுத்துட்டேன். அழுத்தாம தட்டணும்னு ரெண்டு தடவ காட்டுனா போதும், புள்ளைங்க நம்மள விடப் பொறுமையா செய்யுதுங்க.

அடுத்தது நோட்டுல இருந்து உரிக்கறது. இதுதான் ரொம்ப நேரம் புடிச்ச வேலை. மைதாப் பசைங்கறதால தண்ணிக்கு எளகும், ஆனா கார்ட தண்ணில போடக் கூடாது. ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா, மூடி டைட்டா இருக்கறது, அடில நனைச்சுப் புழிஞ்ச ஸ்பாஞ்ச் ரெண்டு, அது மேல இட்லித் தட்ட கவுத்து வெச்சு, நோட்டுப் பக்கத்த கார்டு ஒட்டுன எடத்த சுத்தி வெட்டி எடுத்து தட்டு மேல பரப்பி, மூடி ஒரு ராத்திரி. தண்ணி நேராப் படக் கூடாது, ஈரக் காத்து மட்டும்தான். காலைல எடுத்துப் பாத்தா பேப்பர் தளர்ந்து இருக்கும், கார்ட தலைகீழா வெச்சு நோட்டுப் பேப்பர கார்டுல இருந்து மெல்ல உருட்டி உருட்டி எடுக்கணும், கார்ட இழுத்தா கார்டு கிழியும், பேப்பரத்தான் இழுக்கணும். வழுவழுன்னு பளபளப்பு இருக்கற கார்டு ரெண்ட ஒண்ணு மேல ஒண்ணு படற மாதிரி வெச்சுட்டேன், அந்த ரெண்டும் முகத்தோட முகம் ஒட்டிக்கிச்சு, பிரிச்சப்ப கலர் வந்துடுச்சு. அதனால ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு வெரக்கடை எடம் விடுங்க. டப்பாவ ஒரு ராத்திரிக்கு மேல விட்டாப் பூஞ்சை வரும், அதயும் பாத்துக்கணும்.

ஃபெவிகால் போட்டு ஒட்டுனது சிலது இருந்துச்சு, அது இந்த ஈரத்துக்கு அசையவே இல்ல. அதோட மல்லுக்கட்டல, நோட்டுப் பேப்பரோடயே கார்டு அளவுக்கு வெட்டி விட்டுட்டேன். செல்லோடேப் மஞ்சக் கறை, குண்டூசித் துரு, அண்ணன் கார்டு பின்னாடி பேனால எழுதுன எங்க பேரு, இதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

உரிச்ச கார்டு லேசா ஈரமா இருக்கும்போதே அமுக்கி வெக்கணும். கீழ பிளைவுட் துண்டு, மேல பட்டர் பேப்பர், கார்டு, பட்டர் பேப்பர், அப்பறம் வெள்ளை ஏ4 தாள் அஞ்சாறு, மறுபடியும் பிளைவுட், அதுக்கு மேல தோசைக்கல்லும் அகராதியும். நியூஸ்பேப்பர் வெக்கக் கூடாது, மை ஒட்டும். ஏ4 தாள மட்டும் தெனம் மாத்திட்டு, ஒரு வாரம் விட்டா தட்டையா வந்துரும். ரொம்ப சுருண்டு போன கார்டுக்கு ரெண்டாவது தடவ ஈர டப்பா, ரெண்டாவது தடவ தோசைக்கல்.

இப்ப எங்க வெக்கறது. மொதல்ல ஸ்டேஷனரி கடைல போட்டோ ஆல்பம் வாங்கிட்டு வந்தேன், மேல பிளாஸ்டிக் தாள உரிச்சு ஒட்டற வகை. அந்தப் பசை கொஞ்ச வருஷத்துல மஞ்சளாயி கார்ட விடாது, எங்க கல்யாண ஆல்பத்துலயே அந்தக் கதிதான், அதனால அத போட்டோவுக்கு கூட வெக்கல, பாப்பா ஸ்டிக்கருக்குக் குடுத்துட்டேன். அடுத்தது பாக்கெட் வெச்ச பிளாஸ்டிக் ஷீட்டு, தொறந்ததுமே புது ரெயின்கோட்டு நாத்தம். அந்த நாத்தம் வந்தாலே பிவிசியா இருக்கும்னு சந்தேகப்படணும், அத எளக்கமா வெக்கப் போடற எண்ணெய் நம்மூரு ஏப்ரல், மே சூட்டுல கசிஞ்சு அச்சு மையோட ஒட்டிக்கும். வீட்லயே பாக்கறதுக்கு ஒரு வழி இருக்கு. ஷீட்டு ஓரத்துல வெரல் நகம் அளவு வெட்டி, டம்ளர் தண்ணில ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கற லிக்விட் விட்டு, துண்ட நல்லா உள்ள அமுக்கி விடுங்க. கார்டுக்குக் கெடுதல் பண்ணாத பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்குன்னா மேல வந்துரும், பிவிசி அடில போய் ஒக்காந்துரும். தண்ணி பாட்டில் செய்யற பெட் (PET) பிளாஸ்டிக்கும் முழுகும், அது கார்டுக்கு ஒண்ணும் பண்ணாது, ஆனா நாத்தமும் அடிச்சு முழுகவும் முழுகுச்சுன்னா தொடாதீங்க. நான் வாங்குனது முழுகிடுச்சு. அப்பறம் ஆன்லைன்ல ஒம்போது பாக்கெட் பாலிப்ரொப்பிலீன் ஷீட்டு, 25 இருக்கற பேக், 450 ரூவா. அது தண்ணில மெதந்துச்சு. பாப்பா வீட்ல இருக்கற பிளாஸ்டிக்க எல்லாம் டம்ளர்ல போட்டுப் பாக்க ஆரம்பிச்சது தனிக் கதை.

அந்த பாக்கெட்டு 63 க்கு 88 மில்லிமீட்டர் கார்டுக்குத்தான் அளவு, இப்ப வர்ற கார்டு பெரும்பாலும் அந்த சைஸுதான். நம்ம பழைய கார்டு அத விட சின்னது, ஒரே சைஸும் இல்ல, உள்ள போட்டா கோணலா ஆடுது. வெள்ளை சார்ட் பேப்பர 62 க்கு 87ன்னு வெட்டி பின்னாடி தாங்கலா வெச்சதும் நின்னுடுச்சு, பின்பக்கம் பாக்கணும்னா மட்டும் உருவி எடுக்கணும். டி ரிங் ஃபைல் 220 ரூவா. பீரோல ஃபைல நிமுத்தி வெச்சு, பக்கத்துல வசம்ப நசுக்கி துணில முடிஞ்சு வெச்சிருக்கேன், கார்டு மேல படாம. அந்துருண்டை வேணவே வேணாம், சின்னப் புள்ளைங்க இருக்கற வீட்ல வாய்ல போட்டாப் பெரிய ஆபத்து.

ஃபைல பாக்கறதுக்கு பாப்பாவுக்கு சொன்னது ரெண்டே விஷயம், கைய கழுவித் தொடச்சுட்டு வரணும், பாய்ல உக்காந்துதான் பாக்கணும். பக்கத்த அவதான் திருப்புவா, நான் இல்ல. ஒண்ணுக்கு ரெண்டா இருந்த கார்டு எல்லாம் முழுசா அவளுக்குன்னு குடுத்துட்டேன், அதுக்கு எந்தக் கண்டிஷனும் போடல. ஒரு அசாருதீன் கார்ட குடுத்து கூடப் படிக்கற பொண்ணுகிட்ட இருந்து மாம்பழ வாசனை ரப்பர் வாங்கிட்டு வந்துட்டா. வீட்டுக்காரர் "என்ன இப்படி பண்ணிட்டா"ன்னாரு. குடுத்தா குடுத்ததுதானே, நாங்க மட்டும் அந்த வயசுல ரப்பர் குடுத்துத்தான் கார்டு வாங்குனோம். அவ பண்டமாத்து பண்றத நான் தடுத்தா அது என்னோட சேகரிப்பாவே இருக்கும், அவளோடதா எப்பவும் ஆகாது. இந்த விஷயத்துல நான் ரொம்ப உறுதியா இருக்கேன்.

ஆனா ஃபைல் கனம், அவளால தூக்க முடியல, அதுல விளையாடவும் முடியாது. ட்ரம்ப் கார்டுன்னா விளையாடறதுக்குத்தான். அதோட இன்னொண்ணு, பழைய கட்டுல பொம்பள பிளேயர் ஒருத்தர் கூட இல்ல, அவளுக்கு வேண்டிய ஷஃபாலியும் தீப்தியும் அதுல இருக்கவும் முடியாது. சரி, நம்மளே ஒரு கட்டு அடிச்சுரலாம்னு எறங்குனதுதான் இந்த வேலையோட ரெண்டாவது பாதி.

மொதக் கட்டு இப்படி. சாதா 80 ஜிஎஸ்எம் தாள்ல (ஜிஎஸ்எம்னா தாளோட கனம்) கலர் பிரிண்ட், கடைல பவுச் லேமினேஷன், வீட்டுக்கு வந்து கத்திரிக்கோல்ல வெட்டு. ரெண்டே நாள்ல ஓரம் பிரிய ஆரம்பிச்சுது. பவுச் லேமினேஷன் ஓரத்துல பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் ஒட்டி நிக்கறதாலதான் புடிச்சுருக்கு, தாள் ஓரத்தோட ஒட்டி வெட்டுனா அந்தப் பிடி போயிடுது. சுத்தி 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டலாம், ஆனா கார்டு பெருசாயிடும், மூலை வேற கத்தியாட்டம் குத்துது, வழுக்குது, சின்னக் கையில நிக்கல. அந்தக் கட்டுக்கு சுமாரா 200 ரூவா போச்சு.

தாள் பிரச்சனைக்கு முன்னாடியே எழுத்துப் பிரச்சனை தெரிஞ்சு போச்சு. மொத்த ரன்னு ஒரு வரி போட்டிருந்தேன், சச்சின் 18,426, அசார் 9,378. ஒண்ணாவது படிக்கறவ மூணு எலக்கம் வரைக்கும்தான் சுளுவா ஒப்பிடறா, அஞ்சு எலக்கத்துல மொத எண்ண மட்டும் பாத்து 9 பெருசுன்னு அசாருக்குக் குடுக்கறா. அதனால மொத்த ரன்ன எடுத்துட்டேன். ஒருநாள் போட்டில ஆட்டம், விக்கெட், சதம், அதிகபட்சம்னு நாலே வரி, எதுவுமே மூணு எலக்கம் தாண்டாது. சச்சினுக்கு 463, 154, 49, 200. கபில்தேவுக்கு 225, 253, 1, 175. அசாருக்கு 334, 12, 7, 153. ஸ்ரீகாந்துக்கு 146, 25, 4, 123. மிதாலி ராஜுக்கு 232, 8, 7, 125. தோனிக்கு 350, 1, 10, 183. இந்த நாலு வரில யாருமே எல்லாத்துலயும் ஜெயிக்க முடியாது, அதான் விளையாட்டுக்கு உசுரு. எழுத்து 20 பாயிண்ட், தடிமனா. 6ம் 9ம் தலைகீழாப் புடிச்சாக் கொழம்புதுன்னு ரெண்டுக்கும் அடில கோடு.

இன்னும் விளையாடிட்டு இருக்கறவங்க எண்ணு மாறிட்டே இருக்குமே, அதுக்கு அந்த எடத்த வெள்ளையா விட்டுட்டேன். மேட் லேமினேஷன் மேல சிடி மார்க்கர்ல எழுதுனா நிக்குது, மாத்தணும்னா சானிடைசர் தொட்ட பஞ்சுல தொடச்சாப் போயிடுது. ஷஃபாலி, தீப்தி, ஜெமிமா, ஸ்மிருதி, ஹர்மன்பிரீத், கோலி எல்லாரும் இந்த வகை. ஒவ்வொரு சீரிஸ் முடிஞ்சதும் அவளே எழுதிக்கறா, எழுதறதுல ஒரு அதிகாரம் வந்துடுது அவளுக்கு.

படத்துக்கு யாரோ எடுத்த போட்டோவ எடுத்துப் போடறதுல எனக்கு இஷ்டமில்ல, அதனால பாப்பாவே வரைஞ்சா. ஏ5 டிராயிங் தாள்ல க்ரேயான், அத போன்ல ஸ்கேன் பண்ணி சின்னதாக்குனேன். வரையறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரப் பத்தியும் ஒரு விஷயம் சொல்லணும்னு கண்டிஷன் போட்டா, அதுதான் இந்த ரெண்டு மாசத்துல எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்த நேரம். கும்ப்ளேவுக்கு டெல்லில ஒரே இன்னிங்ஸ்ல 10 விக்கெட் எடுத்தத சொன்னேன், 1999 பிப்ரவரி, பாகிஸ்தான், 74 ரன்னுக்கு 10. அவளுக்கு அது ஏறல. 2002ல ஆண்டிகுவால தாடை ஒடைஞ்சு, தலைய சுத்திக் கட்டுப் போட்டுக்கிட்டு வந்து பந்து போட்டு லாராவ அவுட் பண்ணத சொன்னதும் க்ரேயான எடுத்துட்டா. கார்டுல கும்ப்ளே முகத்துல பாதி வெள்ளைக் கட்டுதான், கண்ணு ரெண்டும் அதுக்கு மேல. கபில்தேவ் 175 அடிச்சத வீடியோல காட்டுன்னா. 1983 ஜூன் 18, டன்பிரிட்ஜ் வெல்ஸ், ஜிம்பாப்வே கூட 9 ரன்னுக்கு 4 விக்கெட் போயிருந்த நேரத்துல எறங்கி அடிச்சது, அந்த ஆட்டத்துக்கு வீடியோவே கெடையாது. வீடியோ இல்லாத மேட்ச் கூட உண்டான்னு நம்பவே இல்ல, அவங்க மாமாவுக்கு போன் போட்டு உறுதி பண்ணிக்கிட்டா.

ரெண்டாவது கட்டு விசிட்டிங் கார்டு அடிக்கற பிரிண்டிங் கடைல. 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, ஏ4. மூணுக்கு மூணா 9 கார்டு வெச்சா 189 க்கு 264 வரும், ஏ4 210 க்கு 297, ஓரத்துல 10.5ம் மேல கீழ 16.5ம் மிச்சம், நல்லா உக்காந்துச்சு. 36 கார்டுக்கு நாலு ஷீட்டு. மொத ஷீட்டுல பின்பக்கமும் ஆளுக்கு ஒரு கதை போட்டிருந்தேன், அத ரெண்டு பக்கமும் அடிச்சு எடுத்துப் பாத்தா கும்ப்ளே முதுகுல மிதாலி கதை. தாளத் திருப்பும்போது எடப்பக்கம் வலப்பக்கமா மாறுமே, பின்பக்கத்த கண்ணாடில பாக்கற மாதிரி மாத்தி அடுக்கணும். அப்படி அடுக்குனாலும் ரெண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டராவது நகருது. இதுல நேரத்த விடாம, பின்பக்கம் எல்லாத்துக்கும் ஒரே டிசைன்னு ஆக்கிட்டேன், பாப்பா வரைஞ்ச மாங்கா, கட்டத்தத் தாண்டி சுத்தி 3 மில்லிமீட்டர் கலர் வர்ற மாதிரி. பின்பக்கம் ஒரே மாதிரி இருந்தாத்தான் விளையாடவும் ஆகும், எதிராளிக்கு என்ன கார்டுன்னு தெரியக் கூடாதே. பிரிண்ட் ஷீட்டுக்கு ரெண்டு பக்கமும் சேத்து 60, மேட் ஃபிலிம் 20.

வெட்டறதுக்கு ஸ்டீல் ஸ்கேலும் புது பிளேடு போட்ட கட்டரும், ஒரே அழுத்துல வெட்டாம மூணு தடவ லேசா இழுக்கணும். கட்டர் வேலை நான் மட்டும். மூலை வளைக்கற பஞ்ச் 260 ரூவா, 5 மில்லிமீட்டர் வளைவு, இது பாப்பா வேலை, 36 கார்டு, 144 மூலை, ஒண்ணு விடாம அவளே அமுக்குனா. வெட்டுன மூலைத் துண்ட எல்லாம் ஒரு கிண்ணத்துல சேத்து வெச்சிருக்கா.

இப்ப நடராஜன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி, நம்ம பக்கத்து ஆளு, 2020-21 ஆஸ்திரேலியா டூர் ஒண்ணுலயே ஒருநாள், டி20, டெஸ்ட் மூணுலயும் அறிமுகம் ஆனவரு. பாப்பாவுக்கு அவரு கார்டு வேணும், ஆனா ஒருநாள்ல 2 ஆட்டம் 3 விக்கெட், நாலு வரிலயும் தோத்துட்டே இருக்காரு. அதுக்கு அவளே ஒரு அஞ்சாவது வரி சேத்தா, நம்ம ஊர்ல இருந்து அவரு ஊரு எவ்வளவு கிட்ட, கிட்ட இருக்கறவரு ஜெயிப்பாரு. நல்லாத்தான் இருந்துச்சு, கிருஷ்ணகிரில மேப் மேல நூல வெச்சு அளந்தா கும்ப்ளேவோட ஊரு பெங்களூரு சின்னப்பம்பட்டிய விட கிட்ட வருது, கும்ப்ளே ஜெயிச்சுட்டாரு. பொங்கலுக்கு தர்மபுரில ஆயா வீட்ல அளந்தா அப்படியே மாறிப் போச்சு, நடராஜன் ஜெயிச்சுட்டாரு. எண்ண கார்டுல அச்சடிக்காம விட்டது எவ்வளவு நல்லதாப் போச்சு. இப்ப டப்பா மூடிக்குள்ள தமிழ்நாடு, கர்நாடகா மேப் ஒட்டி ஒரு நூலும் வெச்சாச்சு, எங்க உக்காந்து விளையாடறமோ அங்க இருந்து அளக்கறது. கிரிக்கெட் கட்டுல சேராத ஒரே கார்டு மாரியப்பன் தங்கவேலு, ரியோ பாராலிம்பிக்ஸ்ல 2016ல ஒசரம் தாண்டறதுல 1.89 மீட்டர் தாண்டி தங்கம் வாங்குனவரு, அவரும் சேலம் மாவட்டம். அந்தக் கார்ட வெச்சிருக்கறவங்க யார் கார்ட வேணாலும் புடுங்கிக்கலாம். கதவு நெலைல 189 சென்டிமீட்டர்ல பென்சில் கோடு போட்டிருக்கோம்.

விளையாடறப்ப நடந்தது ஒண்ணு. அண்ணன் கையில கபில்தேவ், விக்கெட்னு சொல்லி 253 போட்டான், அவன் சின்ன வயசுலயும் அந்தக் கார்டு வந்தா விக்கெட்தான் சொல்லுவான். பாப்பா கையில நம்ம பொண்ணுங்க டீம்ல பந்து போட்ட ஜூலன் கோஸ்வாமி, 255. ரெண்டு கார்டயும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒவ்வொரு எலக்கமா வெரல வெச்சு ஒப்பிட்டா, 2 சமம், 5 சமம், 5 பெருசு, கார்ட எடுத்துக்கிட்டா. அண்ணன் ஜூலன் கார்ட வாங்கி ரொம்ப நேரம் பாத்தான். "204 ஆட்டத்துலயே 255ஆ"ன்னு கேட்டுட்டு மறுபடியும் கலைச்சுப் போடச் சொன்னான்.

டப்பாவுக்குப் பலகை ஓசிதான், சீசன் முடிஞ்சு மாம்பழ மண்டில ஒடைச்சுப் போட்ட பெட்டி. எளசான மரம், ஆணிக்குப் பொளக்கும், அதனால ஃபெவிகாலும் கயித்துக் கட்டும் போட்டு ஒட்டுனது, உப்புத்தாள் 80 நம்பரும் 220 நம்பரும், 30 ரூவா. மொதல்ல உள்ளளவு 64 க்கு 89ன்னு வெச்சேன், கார்டு எறங்குது, வெளிய வர மாட்டேங்குது. 67 க்கு 92 ஆக்கி, ரெண்டு பக்கமும் கட்டை வெரல் போற அளவுக்கு அரைவட்டம் அறுத்ததும் பாப்பாவால எடுக்க முடிஞ்சுது. கட்டோட தடிமன் 15 மில்லிமீட்டருக்குள்ள, ஆனா ஒசரம் 25 வெச்சிருக்கேன், புதுக் கார்டு வரும்.

செலவு, பிரிண்ட் 240, ஃபிலிம் 80, பஞ்ச் 260, ஷீட்டு 450, ஃபைல் 220, உப்புத்தாள் 30, மொத்தம் 1,280. மொதக் கட்டுக்குப் போன 200ம் சேத்தா 1,480. கட்டு மட்டும்னா 600 ரூவாக்குள்ள முடிச்சுரலாம்.

திரும்பச் செய்யறதா இருந்தா நாலு ஷீட்டயும் ஒண்ணா அடிக்காம, ஒரு ஷீட்டு அடிச்சு 9 கார்டு வெச்சு ஒரு வாரம் விளையாட விடுவேன், எழுத்து சைஸு, வரி எது வேணும் எது வேணாம் எல்லாம் அதுலயே தெரிஞ்சுடும். ஒவ்வொரு ஷீட்டுலயும் ஒரு வெறுங் கார்டு விடுவேன், கட்டம் மட்டும் போட்டு, படமும் எண்ணும் புள்ளைங்க நேரா மார்க்கர்ல போட்டுக்கட்டும். இந்தக் கட்டுல வெறுங் கார்டு ரெண்டே ரெண்டு வெச்சேன், ரெண்டும் ஒடனே போயிடுச்சு, ஒண்ணு அவங்க பி.டி. மிஸ்ஸு, இன்னொண்ணு அவளே. ஆட்டம் 0, விக்கெட் 0, சதம் 0ன்னு போட்டு, கிட்டங்கற வரில மட்டும் பெருசா ஒரு டிக்.

போஸ்டர் இன்னும் தொடல. மடிப்புல தாள் வெடிச்சிருக்கு, ஸ்டேப்ளர் பின் துருப்பிடிச்சு நடுவுல ஓட்டை, அந்த சைஸுக்கு ஈர டப்பா நம்மகிட்ட இல்ல. பெரிய அண்டா மூடி ஒண்ணு ஆயா வீட்ல இருக்கு, பிளாஸ்டிக் ஷீட்ட கூடாரமா கட்டிப் பாக்கலாம்னு அண்ணன் சொல்றான், கோடை லீவுல மொதல்ல கிழிஞ்ச போஸ்டர் ஒண்ண வெச்சு முயற்சி பண்ணிட்டு அது எப்படி வந்துச்சுன்னு எழுதறேன்.